வெற்றிலை வைத்து அழைத்த கூட்டம்

ஒரு பித்தளைத் தாம்பாளம். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் எவ்வளவு அகலம் வருமோ, அதைவிடக் கொஞ்சம் பெரியது. விளிம்பில் ஓரிடத்தில் நெளிந்திருக்கும். என் மாமனார் தன் தங்கை வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் அது பீரோவின் மேலிருந்து கீழே இறங்கும். புளி போட்டு அவரேதான் தேய்ப்பார். நான் கை நீட்டினாலும் தரமாட்டார். தேய்த்துத் துடைத்து, வெற்றிலையை அடுக்கி, கொட்டைப்பாக்கும் வாழைப்பழமும் பூவும் வைத்து, ஏதோ பெண் கேட்கப் போகிறவர் போல மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்காருவார். ஓட்டை விழுந்த வெற்றிலை ஒன்று இருந்துவிட்டால் போச்சு, வழியிலேயே வண்டியை நிறுத்தி வேறு வாங்கியாக வேண்டும். இப்போது அந்தத் தட்டு ஆலை ஆபீசில், என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் இருக்கிறது. யாரும் தேய்ப்பதில்லை. கறுத்துக் கிடக்கிறது. அதற்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. கூட்டிப் பெருக்க வருகிறவர்கள் அதைத் தொட்டால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது, பாவம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் மாமனார் ஒரு மாட்டுத்தீவன ஆலை வைத்திருந்தார். 'வைத்திருந்தார்' என்று நான் எழுதுவதே சட்டப்படி தப்பு என்பதைப் பின்னால் சென்னையில் தெரிந்துகொண்டோம். ஆலை ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனியில் மூன்றில் இரண்டு பாகம் மாமனாருக்கு, ஒரு பாகம் அரியலூரில் கட்டிக்கொடுத்த அவருடைய ஒரே தங்கைக்கு. முறைக்கு எனக்கு அவர் சின்னம்மா. அண்ணனும் தங்கையும் கூலிக்கு மக்காச்சோளக் கதிர் உரித்த பெற்றோரின் பிள்ளைகள். மாமனார் முதன்முதலில் ஒரு அரவை மெஷின் வாங்கிப் போட்டபோது, கல்யாணமாகாத சின்னம்மா கிழிந்த கோணிகளைப் பொறுக்கி ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறார். "அவ தச்ச சாக்குலதான் நம்ம மொத லோடே போச்சு" என்று மாமனார் யாரிடமும் சொல்லுவார். ஆடிட்டர் பேச்சைக் கேட்டு ஆலையைக் கம்பெனியாக மாற்றியபோது, யாரும் கேட்காமலே தங்கை பெயரில் அந்தப் பாகத்தை எழுதினார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கை மேல் அந்த மனிதருக்கு இருந்த பாசத்தை நான் என் கண்ணால் பார்த்தவள். பார்த்ததனால்தான் பின்னால் நடந்ததை இன்னமும் ஜீரணிக்க முடியவில்லை.

கம்பெனி என்றால் வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் கூட்டிவிடுங்கள் என்பார் ஆடிட்டர். மாமனாருக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. செப்டம்பர் பாதியில் புரட்டாசி பிறந்துவிடும். புரட்டாசியில் எங்கள் வீட்டு அடுப்பில் கறி ஏறாது. தங்கையைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சாம்பார் ஊற்றவா? ஆகவே ஒவ்வொரு வருடமும் ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். காலையில் கிடா வெட்டுவார்கள். மதியம் ஆலை முற்றத்தில் பந்தி. சின்னம்மா குடும்பத்தோடு வந்து இறங்குவார். ஆளுக்கு ஒரு பக்கம் சிரிப்பும் கேலியுமாக இருக்கும். கூட்டம் என்று தனியாக ஒன்று நடந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, ஆடிட்டர் கொடுத்தனுப்பிய தாள்களை மாமனார் தங்கையிடம் நீட்டுவார். சில தாள்களில் ஏதாவது அச்சடித்திருக்கும். சிலதில் ஒன்றுமே இருக்காது. சின்னம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடியில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "மேல நீ எழுதிக்கண்ணே" என்பார். அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரிப்பார். அண்ணனிடம் ஒன்றை முழுசாகக் கொடுத்துவிட்ட சிரிப்பு அது.

நான் அரும்பாவூர்க்காரி. பி.காம். படித்தவள். கல்யாணமாகி வந்த மறுவருடமே ஆலைக் கணக்கு என் தலையில் விழுந்தது. என் கணவருக்கு மெஷினும் லாரியும்தான் உலகம். கூட்டத்துக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும், என்னென்ன விஷயம் முடிவெடுக்கப் போகிறோம் என்று அதில் இருக்க வேண்டும் என்பது நான் படித்த பாடத்தில் முதல் பக்கத்தில் இருக்கும். "ஒரு ரிஜிஸ்டர் தபால் போட்டுடலாம் மாமா. சாஸ்திரத்துக்காவது இருக்கட்டும்" என்று சொன்னேன். மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்!

"ஏம்மா, கூடப் பொறந்தவளுக்குத் தபால்லயா சொல்லி வுடுறது? தபால்ல போறது கருமாதிப் பத்திரிகைதான். உசுரோட இருக்கற வரைக்கும் நான் நேருல போயி வெத்தல வெச்சுத்தான் கூப்புடுவேன்."

ஊரில் யாரைக் கேட்டாலும் அவர் பக்கம்தான் பேசுவார்கள். தங்கைக்குத் தபால் போட்டால், "நீ வராவிட்டாலும் பரவாயில்லை" என்று சொன்னது மாதிரி. வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால், வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் சொல்லுவேன், ஒவ்வொரு வருடமும் அதே பதில், அதே தட்டு.

வங்கியில் பெரிய கடன் கேட்ட வருடம், கம்பெனியின் மூலதனத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டுவதென்றால் புதுப் பங்குகள் வெளியிட வேண்டும். இருக்கிற பங்குதாரர்களுக்கு அவரவர் பாகத்துக்கு ஏற்ப முதலில் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால்தான் மற்றவர்களுக்கு. மாமனார் கேட்கவில்லை. தங்கையிடம் போய்ப் பணம் போடு என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, இதைத்தான் நினைத்தேன் என்று தங்கையிடம் சொல்லவும் இல்லை. தன் பெயரிலும் என் கணவர் பெயரிலும் புதுப் பங்குகளை எழுதிக்கொண்டார். மூன்றில் ஒன்றாக இருந்த சின்னம்மாவின் பாகம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. "ஆலை ஓடுனாத்தானே அவளுக்கும் பாகம்? அவளுக்குச் செய்யிறத நான் செய்ய மாட்டேனா?" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

அந்த வருட ஆவணியிலும் தட்டு இறங்கியது. நானும் கூடப் போனேன். அரியலூரில் சின்னம்மா வீட்டுக் கூடத்தில் அன்று அவருடைய மகன் இருந்தான். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்று ஊருக்கு வந்திருந்தவன். சின்னம்மா புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டித் தாம்பூலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம வந்துடும்மா, கூட்டம் இருக்கு" என்றார் மாமனார்.

"என்ன கூட்டம் மாமா?" என்று அந்தப் பையன் கேட்டான்.

மாமனார் சிரித்தார். "எல்லாம் சாப்பாட்டுக் கூட்டந்தான்டா. ஒனக்கு நல்லி எலும்பு எடுத்து வெக்கச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.  காரில் திரும்பி வரும்போது, "அவன் ஏன் மாமா அப்படிக் கேட்டான்?" என்றேன். "படிச்ச புள்ள, கேக்கத்தான் செய்யும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தத் தட்டை சின்னம்மா கையால் வாங்கவேயில்லை.

கம்பெனிகளின் விவரங்களை இப்போது கம்ப்யூட்டரில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். பையன் எடுத்துப் பார்த்திருக்கிறான். தன் தாயின் பாகம் கரைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறான். ஆடிட்டர் தாக்கல் செய்த தீர்மானத்தின் அடியில், வெறும் தாளில் தாய் போட்டுக் கொடுத்த கையெழுத்தே இருப்பதையும் பார்த்திருக்கிறான்.

தை மாதம் ஒரு மத்தியானம், ஆலைக்குத் தபால்காரர் வந்தார். கனமான உறை. மாமனார் எடைமேடை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அனுப்பியவர் யாரோ சென்னை வக்கீல். வக்கீல் பெயருக்குக் கீழே தங்கையின் பெயர். அதைப் படித்தார். உறையைப் பிரிக்கவில்லை. போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, வூட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம்ணே. நீ சாப்ட்டியா?"

"ஆச்சு."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். அண்ணனும் கேட்கவில்லை, தங்கையும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி வந்த கடிதத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். படித்ததும் வெளியிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள், இல்லையென்றால் வாசலோடு எங்காவது செருகிவிடுவார்கள். மாமனார் அந்த உறையைப் பிரிக்காமலே எடைமேடைக் கொட்டகையின் கூரைத் தகரத்துக்கு அடியில் செருகிவிட்டு வந்தார். என்னிடமோ என் கணவரிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி ஒரு காரியத்தைப் படித்தவர்கள் யாரும் செய்வார்களா என்று பின்னால் எங்களுக்காக வாதாடிய சென்னை வக்கீலம்மா கேட்டார். செய்வார்கள் அம்மா, எங்கள் ஊரில் செய்வார்கள். அது வழக்கு என்று மாமனாருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் கைக்கு அது சாவு ஓலையாகத்தான் இருந்தது.

இரண்டாவது உறை வந்தபோது நான் வாங்கினேன். முதல் விசாரணைக்கு நாங்கள் யாரும் போகாததால், எங்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கை நடத்துவதாகச் சொல்லியிருந்தது.  "மொத நோட்டீசு எங்க மாமா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்க் கூரைத் தகரத்தைக் காட்டினார். மக்காச்சோள மாவு படிந்து, உறை வெள்ளையாய்க் கிடந்தது.

பெரம்பலூரில் எங்களுக்கு ஒரு வக்கீல் உண்டு. வாய்க்கால் தகராறிலிருந்து வாடகைத் தகராறு வரை எல்லாம் அவர்தான். அவரிடம் ஓடினோம். அவர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கையை விரித்தார். "இது நம்ம கோர்ட்டுக்கு வராதுங்க. கம்பெனிச் சண்டைக்குன்னே சென்னையில தனித் தீர்ப்பாயம் இருக்கு. இதுல சிவில் கோர்ட்டு தலையிடவே முடியாது. அங்கதான் போயாவணும்." மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமனார் கேட்டார். வக்கீல் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரும்பான்மைப் பங்குதாரர் சிறுபான்மைப் பங்குதாரரை ஒடுக்கியதாக வழக்கு. ஒடுக்குமுறை, நிர்வாகச் சீர்கேடு. அதுதான் சட்டத்தின் வார்த்தை, அதை யாரும் திட்டுவதற்காக எழுதவில்லை என்று சமாதானம் சொன்னார். மாமனார் காதில் அந்த ஒரு சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது, லாரிக்குச் சீட்டுப் போடும்போது, திடீரென்று தலையைத் தூக்கி, "நானா அவள ஒடுக்குனேன்?" என்பார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியாது.

சென்னைக்குப் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். மாமனார் கேட்கவில்லை. அரியலூர் போய் ரயில்தான் ஏறுவேன் என்றார். ஏன் என்று முதல் தடவை ஸ்டேஷனில் புரிந்தது. நடைமேடை பெஞ்சில் சின்னம்மா மகனோடு உட்கார்ந்திருந்தார். அதே விசாரணை, அதே ரயில். நாங்கள் தள்ளி நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துச் சின்னம்மா எழுந்து வந்து, மாமனாரைப் பார்க்காமல், என் கையில் ஒரு இலைப் பொட்டலத்தைக் கொடுத்தார். "பொடி தடவுன இட்லி. அவருக்கு வெறும் வயித்துல மாத்திர போடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனார் விழுப்புரம் தாண்டுவதற்குள் அத்தனையும் தின்று, இலையை மடித்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இட்லி வயிற்றில் இருக்கும்போதே அவரை எதிர்மனுதாரர் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

தீர்ப்பாயம் நாங்கள் நினைத்த கோர்ட்டு மாதிரி இல்லை. ஏதோ ஆபீஸ் மாதிரி குளிர்ந்த ஹால். மேலே இரண்டு பேர், ஒருவர் நீதித்துறை, ஒருவர் நிர்வாகமும் கணக்கும் அறிந்தவர். அவர்களுக்கு முன்னால் கம்ப்யூட்டர்த் திரை. கறுப்புக் கோட்டுகள் எழுந்து எழுந்து பேசின. எல்லாம் இங்கிலீஷ். மாமனார் ஹால் முழுக்கக் கண்ணால் துழாவிவிட்டு என் காதருகே குனிந்தார். "கூண்டு எங்கம்மா?" கூண்டு இல்லை என்று வக்கீலம்மா விளக்கினார். இங்கே பெரும்பாலும் சாட்சியை ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. அவரவர் சொல்வதைப் பிரமாண வாக்குமூலமாக எழுதித் தர வேண்டும். தாளை வைத்துத்தான் தீர்ப்பு. மாமனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் அவர் மனசில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு காட்சிதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தங்கை கூண்டில் ஏறுவாள். "வெத்தல வாங்குனியா, இல்லியா?" என்று கேட்பார்கள். அவள் பொய் சொல்ல மாட்டாள். அண்ணன் கூப்பிட்டார் என்று சொல்லிவிடுவாள். வழக்கு முடிந்துவிடும், ஒரே ரயிலில் ஊர் திரும்பலாம். கூண்டே இல்லாத இடத்தில் அதை எப்படிக் கேட்பது?

எங்கள் வக்கீலம்மா கெட்டிக்காரி. எங்களைக் கேட்காமல் நடத்துவதாகப் போட்ட உத்தரவை முதலில் விலக்க வைத்தார். இந்த மாதிரி மனுப் போடக் கம்பெனியில் பத்தில் ஒரு பாகமாவது இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். சின்னம்மாவுக்கு அது இல்லை, ஆகவே மனுவே செல்லாது என்று வாதாடினார். மேலே இருந்தவர் உடனே கேட்டார், பாகத்தைக் குறைத்தது நீங்கள், அது சரியா என்பதுதானே வழக்கு, குறைந்துபோனதையே அவருக்கு எதிராக எப்படிக் காட்டுவீர்கள் என்று. வக்கீலம்மா மெல்ல எனக்கு மொழிபெயர்த்தார்.  எங்கள் தரப்பில் உட்கார்ந்துகொண்டே, இவர் கேட்பது நியாயம்தானே என்று மனசு சொல்லுகிறதே, அந்த வேதனை எதிரிக்கும் வர வேண்டாம்.

அறிவிப்புக் கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக, வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்தோம் என்று எழுதிக் கொடுத்தோம். நானும் சாட்சியாகப் பிரமாணம் எழுதினேன். அதற்குச் சின்னம்மாவின் பதில் வந்த அன்று, வக்கீலம்மாவின் அறையில் அதை அவர் தமிழில் வாசித்துக் காட்டினார். "என் அண்ணன் என் வீட்டுக்கு வந்து தாம்பூலம் வைத்து அழைத்தது உண்மை. அதை நான் கையில் வாங்கியதும் உண்மை. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் அழைப்பார். விருந்துக்கு என்று நினைத்துத்தான் போனேன்."

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கண்ணெல்லாம் நீர். "பாத்தியாம்மா! நான் சொல்லல? பொய் சொல்லல பாரு என் தங்கச்சி! வாங்குனேன்னு எழுதிக் குடுத்துட்டா பாரு!" என்று மேசையைத் தட்டினார். வக்கீலம்மா கையிலிருந்த பேனாவை மூடிக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மனிதர் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷத்தை அதற்குப் பிறகு அவர் முகத்தில் நான் பார்க்கவில்லை.

இறுதி வாதத்தின்போது மேலே இருந்தவர் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. மாமனார் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டோ என்னவோ, தமிழிலேயே கேட்டார். "கூப்பிட்டீங்க, சரி. எதுக்குக் கூப்பிடறோம்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

மாமனார் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். எனக்கு அந்தப் பையனின் குரல் கேட்டது, என்ன கூட்டம் மாமா. மாமனாருக்கும் கேட்டிருக்க வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

புதுப் பங்கு வெளியிட்டது செல்லாது, சின்னம்மாவின் மூன்றில் ஒரு பாகம் அப்படியே திரும்ப வர வேண்டும், அவர் தரப்பில் ஒருவர் இயக்குநராக வேண்டும், இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் பொருள் குறிப்பிட்டு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. ஆலை எங்களிடமே இருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் மாமனார் மேல்முறையீடு செய்யச் சொன்னார். பங்குக்காக அல்ல. அங்கேயாவது கூண்டு இருக்குமா என்று கேட்டார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் சென்னையில்தான். அங்கே கூண்டும் இல்லை, புதுச் சாட்சியும் இல்லை. கீழே கொடுத்த அதே தாள்களைத் திரும்பவும் புரட்டினார்கள். அழைப்பு வேறு, அறிவிப்பு வேறு என்று ஒரு வரி எழுதி, கீழ்த் தீர்ப்பை உறுதி செய்தார்கள். சட்டக் கேள்வி ஏதாவது இருந்தால் டெல்லிக்குப் போகலாம் என்றார் வக்கீலம்மா. "போதும்மா" என்றார் மாமனார். அன்று திரும்பும் ரயிலில் சின்னம்மா வேறு பெட்டியில் ஏறினார். இலைப் பொட்டலம் வரவில்லை.

மாமனார் திருடவில்லை என்று இன்றைக்கும் யாரிடமும் சண்டைக்குப் போவேன். ஆனால் தங்கையிடம் கேட்கவில்லை. அவ்வளவு பாசம் வைத்தவர், ஒரே ஒரு தடவை கேட்கவில்லை. அந்தத் தட்டு 'வா' என்று மட்டும்தான் சொல்லும் என்பதை நானும் அதுவரை யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் ஆலைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு பக்கம் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு நடையும் போனது. திருச்சியில் காட்டினோம். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள், அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு பீரோ மேலே கையைக் காட்டினார். "நீ போயி சின்னம்மாவ வெத்தல வெச்சுக் கூப்ட்டுட்டு வா." புளி கொண்டுவரச் சொல்லி, படுத்தபடியே ஒரு கையால் தட்டைத் தேய்க்கப் பார்த்தார். முடியவில்லை. முதல்தடவையாக என்னிடம் கொடுத்தார்.

அரியலூர் வீட்டில் சின்னம்மா மட்டும்தான் இருந்தார். என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். தட்டை நீட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை.

"மாமாவுக்கு முடியல சின்னம்மா. உங்களக் கூப்ட்டுட்டு வரச் சொன்னாரு."

"எதுக்குன்னு சொன்னாரா?"

 ஆமாம், அவர் சொல்லவில்லை. பார்க்கத்தான், வேறெதற்கு என்று நானாகச் சொல்லியிருக்கலாம். 

"நான் வர மாட்டேன்னு சொல்லல" என்றார் சின்னம்மா. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அங்க என்ன காயிதம் எழுதி வெச்சிருக்கீங்களோ, எனக்கு எப்படித் தெரியும்? எதுக்குக் கூப்புடுறாருன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்து வுடச் சொல்லு. படிச்சுப் பாத்துட்டு வரேன்."

கிளம்பும்போது அண்ணனுக்கென்று இட்லிப் பொடியை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். தட்டை வாங்காத அதே கையால்.

மாமனார் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். "அவ கேக்குறது நாயந்தான்" என்றார். தாளும் அட்டையும் கேட்டார். நான் முதுகில் தலையணை வைத்து நிமிர்த்தினேன். பேனாவைத் தாளின் உச்சியில் வைத்தார். வைத்தபடியே இருந்தார்.  பேனா முனை பட்ட இடத்தில் ஒரு சின்னப் புள்ளி விழுந்தது. பிறகு கையை மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டு வந்து, தாளின் அடியில் நடுங்க நடுங்கக் கையெழுத்தைப் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"மேல நீ எழுதிக்கம்மா."

 "என்ன எழுதணும்னு நீங்க சொல்லுங்க மாமா, நான் எழுதுறேன்" என்றேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அந்த வாரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

செய்தி சொன்னதும் முதலில் வந்து நின்றது சின்னம்மாதான். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். எடுத்த பிறகு, வீட்டைக் கழுவிவிட்டு ஓய்ந்திருந்த நேரத்தில், ஸ்டூல் மேல் இருந்த தட்டையும் அதன் அடியில் இருந்த தாளையும் பார்த்துவிட்டார். எடுத்தார். மேலே பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். கையெழுத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குக் கூப்ட்டாரு?"

"தெரியல சின்னம்மா. சொல்லல."

அவர் அழவில்லை. தாளை மடிக்காமல், எடுத்த இடத்திலேயே தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். கருமாதிப் பத்திரிகையை மற்ற உறவுக்கெல்லாம் அனுப்பியபோது, அரியலூருக்கும் ஒன்று தபாலில் போய்விட்டது. என் கணவர் பட்டியலைப் பார்த்து அனுப்பியது, யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சின்னம்மாவுக்குத் தபாலில் போன முதல் கடிதம் அதுதான்.

இப்போது கம்பெனியின் பொதுக்கூட்டம் புரட்டாசியிலும் நடக்கிறது. டீயும் பிஸ்கட்டும் வைக்கிறோம். சின்னம்மா வருவதில்லை, அவருக்குப் பதிலாக மகன் வருகிறான். நல்லவன்தான், கேள்வியும் நல்ல கேள்வியாகக் கேட்கிறான். அறிவிப்பைப் பொருள் வாரியாக நானே தட்டச்சு செய்து தபாலில் சேர்க்கிறேன். சின்னம்மா பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து முறைப்படி வந்துவிடுகிறது. இந்த வருடத்துக்கானதை நேற்று அனுப்பினேன். திரும்பி வந்து அலமாரியைத் திறந்து, தட்டை எடுத்துத் தாளைப் பார்த்தேன். உச்சியில் ஒரு புள்ளி. அடியில் மாமனாரின் கையெழுத்து. நடுவில் ஒன்றும் இல்லை. அதில் நான் என்ன எழுதினாலும் அவர் சொன்னதாக ஆகிவிடும். தட்டை அதன் மேலேயே வைத்து அலமாரியைப் பூட்டினேன்.